சுப்பர் குளூ போட்ட மாமரம்

விடியலில் சுபஹுத் தொழுதுவிட்டு விளக்குமாற்றோடு முற்றத்தில் இறங்கியபோது, மாமரத்தின் இடுப்பில் யாரோ வெள்ளைத் துணி சுற்றிக் கட்டியிருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

கிட்டப் போனேன். துணி இல்லை. பட்டையைச் சுற்றிவர உரித்து எடுத்திருந்தார்கள். கையை விரித்து வைத்தால் கை அகலம் இருக்கும். உள்ளே மரம் இளந்தேங்காய் போல வெளுத்து, ஈரமாக இருந்தது.

அடுத்த மரத்தைப் பார்த்தேன். அதிலும் அப்படித்தான். மூன்றாவதிலும்.

உரித்த பட்டைகள் மணலில் சுருண்டு கிடந்தன. எறும்பு வந்துவிட்டது. மாம்பாலின் மணம், காரமும் புளிப்பும் கலந்த அந்த மணம், வளவு முழுக்க நின்றது. இலைகளுக்கு மட்டும் இன்னும் ஒன்றும் தெரியாது. கடற்காற்றில் எப்போதும் போல ஆடிக்கொண்டிருந்தன.

நான் கத்தவில்லை. அழவும் இல்லை. கீழே கிடந்த பட்டை ஒன்றை எடுத்து, மண்ணை ஊதிவிட்டு, அது உரிந்த இடத்தில் வைத்துப் பொருத்திப் பார்த்தேன். என் கை அப்படிப் பழகிய கை. எது உடைந்தாலும் முதலில் பொருத்திப் பார்க்கும். கோபமெல்லாம் அதற்குப் பிறகுதான்.

போன கிழமை இந்தப் பத்திரிகைப் பக்கத்தில், போகிற போக்கில், "நான் ஒட்டிய மாமரம்" என்று எழுதிவிட்டேன். அதைப் படித்த ஒருவர் கல்பிட்டி பஸ்ஸில் என்னை அடையாளம் கண்டு, "மரத்தையும் ஒட்டுவீங்களா? எந்தப் பசையால?" என்று சத்தமாகக் கேட்டார். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. அவருக்குப் பாதிக் கதைதான் சொல்ல முடிந்தது. அதற்குள் அவர் இறங்கும் இடம் வந்துவிட்டது. மீதியும் சேர்த்து இதோ.

ஒட்டுக்கார நஸீமா

எங்கள் ஊர் எத்தாளையில் என்னை நஸீமா என்று கேட்டால் சிலருக்குத் தெரியாது. "ஒட்டுக்கார நஸீமா" என்றால் சின்னப் பிள்ளையும் வழி காட்டும்.

வீட்டு முன் அறையில் ஒரு மேசை. அதில் டியூப் ஒட்டும் சைக்கிள் சொலூஷன், தச்சர்கள் பூசும் வெள்ளை பைண்டர் கம், நகம் அளவு மூடியுள்ள சுப்பர் குளூ குப்பிகள், பழைய டியூப் துண்டுகள், ஒரு சவரத் தகடு. அறுந்த செருப்பு, வெடித்த பேசின், கால் முறிந்த பிளாஸ்டிக் கதிரை, பள்ளிக்கூடப் பை, மூக்குக்கண்ணாடி எல்லாம் என்னிடம் வரும். ஒரு தடவை ஒருவர் தன் வாப்பாவின் பல் செட்டைக் கொண்டுவந்தார். அதையும் ஒட்டினேன். அந்த வாப்பா மௌத்தாகிக் கண் மூடும்வரை அதனால்தான் இறைச்சி சாப்பிட்டார்.

இந்தத் தொழிலை நான் எங்கும் படிக்கவில்லை. அகதி முகாமில் வந்தது. தொண்ணூறில் மன்னாரிலிருந்து முஸ்லிம்கள் எல்லாரையும் வெளியேற்றியபோது நான் இன்னும் சமைந்திராத பிள்ளை. அந்தப் பயணத்தை முன்னைய கிழமைகளில் எழுதிவிட்டேன். திரும்ப எழுதமாட்டேன்.

பாலாவிக்குப் பக்கத்து ஓலைக் கொட்டில்களில் எங்களுக்குப் புதிதாக எதுவும் கிடைக்காது. ஆகவே இருந்த எதையும் உடைய விடக்கூடாது. உடைந்தால் தூக்கிப்போடக்கூடாது. என் உம்மா கோதுமை மாவில் பசை காய்ச்சி ஓதுகிற கிதாபுகளின் அட்டையை ஒட்டுவார். நான் அதைப் பார்த்துச் செருப்புக்கு மாறினேன். மாப்பசை செருப்பில் நிற்காது. சைக்கிள் கடையில் மிச்ச சொலூஷன் கேட்டு வாங்கினேன். வெயிலில் உப்பளக் காற்று முகத்தில் அடிக்க, கொட்டில் வாசலில் குந்தியிருந்து அடுத்த கொட்டில்காரர்களின் செருப்பையெல்லாம் ஒட்டினேன்.

ஒட்டுவதில் எனக்குப் பிடித்த விசயம் ஒன்று உண்டு. ஒட்டிய பொருள் அழகாக இருக்காது. தழும்பு தெரியும். ஆனால் அடுத்த தடவை உடைந்தால் அந்த இடத்தில் உடையாது. பக்கத்தில்தான் உடையும்.

மஹராக வந்த மணல்

என் கணவர் றவூப் பாலாவியில் உப்பு லொறி ஓட்டினார். எத்தாளைக்காரர். பெண் கேட்டு வந்தபோது என் வாப்பா வெட்கத்தோடு, "எங்களிட்ட வீடு இல்ல, வளவு இல்ல, ஒண்டும் இல்ல" என்றார்.

றவூபின் வாப்பா, என் மாமா, வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொன்னார்: "பொண்ணுட்ட வாங்கச் சொல்லி மார்க்கத்தில எங்க இரிக்கி? குடுக்கத்தான் சொல்லியிரிக்கி."

சொன்னபடி செய்தார். கடலோரமாக இருந்த ஒரு துண்டு நிலத்தை எனக்கு மஹராக எழுதினார். பெண்ணுக்கு மாப்பிள்ளை கொடுக்கும் மஹர் பெண்ணுக்கே சொந்தம். கணவன்கூடக் கை வைக்க முடியாது. முகாமிலிருந்து வந்த பெண்ணுக்குக் கடலோரக் காணியா என்று ஊரில் கதைத்தார்கள். றவூபின் அண்ணன் ஜுனைத் நானாவோ நிக்காஹ் முடியும்வரை கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது அது வெறும் வெள்ளை மணலும் பற்றையும்தான். கொஞ்சம் தோண்டினாலே நல்ல தண்ணீர் வரும். கல்யாணமான முதல் மாரியில் மூன்று மாங்கன்று வைத்தேன். ஒன்று விலாட்டு, இரண்டு கறுத்தக்கொழும்பான். மாட்டெருவும் கரையில் ஒதுங்கும் சாதாளைப் பாசியும் போட்டு வளர்த்தேன். சாதாளையின் உப்பைக் கழுவாமல் போட்டு முதல் வருடம் கன்றுகள் கருகப் பார்த்ததும் நடந்தது.

யுத்தம் முடிந்த பிறகு எங்கள் கரைக்குப் புதுப் புது வாகனங்கள் வரத் தொடங்கின. வெள்ளைக்காரர்கள் பெரிய பட்டத்தைக் காற்றில் விட்டு, பலகையில் நின்றபடி கடலில் ஓடினார்கள். அவர்களுக்குப் பின்னால் காணி தேடுகிறவர்கள் வந்தார்கள். அதில் கொழும்பிலிருந்து வந்த ஒரு முதலாளிக்கு ஜுனைத் நானாவின் காணி பிடித்துவிட்டது. ஒரே ஒரு குறை. ஜுனைத் நானாவின் துண்டு என் துண்டுக்குப் பின்னால் இருந்தது. என் துண்டு இல்லாமல் அவருடைய துண்டுக்குக் கடல் இல்லை.

நானா வீட்டுக்கு வந்தார். தேத்தண்ணி குடித்தார். பிறகு, "ஏன் புள்ள இந்த மணலக் கட்டிப் புடிச்சிட்டு இரிக்கிற? ரெண்டு துண்டையும் சேத்துக் குடுத்தா எல்லாருக்கும் நல்லம்" என்றார்.

விற்கமாட்டேன் என்று மூத்தவர் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டாமே என்று, மரியாதைக்கு ஒரு சாட்டுச் சொன்னேன். "காய்க்கிற மரம் நிக்கிற காணி நானா. அத வித்தா வீட்டில செழிப்பு, பறக்கத்துப் போயிரும் எண்டு எங்கட உம்மா சொல்லுவா."

அவர் மூன்று மரங்களையும் ஒவ்வொன்றாகத் திரும்பிப் பார்த்தார். நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

கண்ணாடி

மரங்கள் உரிபட்டு நின்ற அந்தக் காலையில் றவூப் லொறியோடு போயிருந்தார். நான் தனியே. முதல் வேலையாக உள்ளே போய் சுப்பர் குளூ குப்பிகளை அள்ளிக்கொண்டு வந்தேன். விலாட்டு மரத்தின் பட்டைத் துண்டுகளைப் பொறுக்கிக் கழுவி, உள்பக்கம் முழுக்கப் பசையைப் பூசி, இருந்த இடத்தில் வைத்து அழுத்தினேன். உடனே பிடித்தது. பார்த்தால் உரித்ததே தெரியாது. எனக்கே என் கையில் பெருமை.

அன்று வெங்காயத் தோட்டங்களைப் பார்க்க விவசாயப் போதனாசிரியை மோட்டார் சைக்கிளில் வருவார் என்று தெரியும். சிலாபத்துப் பிள்ளை, இரோஷா மிஸ். சிங்களமும் தமிழும் ஒரே வாயில் கலந்து வரும். றோட்டில் நின்று கையைக் காட்டி மறித்தேன்.

அவர் வந்து மரங்களைப் பார்த்தார். தலைக்கவசத்தைக் கழற்றாமலே மூன்றையும் சுற்றி வந்தார். பிறகு நான் ஒட்டிய பட்டையின் ஓரத்தில் நகத்தை விட்டு ஒரு துண்டைக் கிளப்பினார்.

"அக்கா, உள்ளுக்குத் தடவிப் பாருங்க."

தடவினேன். வழுவழுவென்று, கண்ணாடி போல இருந்தது.

"மரம் ஒட்டிறது பசையால இல்ல. அது தானே வளந்து ஒட்டணும். நீங்க நடுவில கண்ணாடி போட்டுட்டீங்க. எப்பிடி வளரும்?"

"இல ஒண்டும் வாடல்லையே மிஸ்?"

"அத நம்பாதீங்க. தண்ணி இன்னும் மேல போகுது, அதால இல பச்சையா இரிக்கி. ஆனா இல செய்யிற சாப்பாடு பட்டை வழியாத்தான் கீழ வரும். பட்டை இல்ல. வேர் பசியில இரிக்கி."

அந்தச் சொல் என்னை அடித்தது. மேலே எல்லாம் பச்சை, கீழே பசி. முகாம்களைப் பார்க்க வருகிறவர்களுக்காக எங்களுக்கு நல்ல உடுப்பு உடுத்தி நிறுத்துவார்களே, அந்த நாள் ஞாபகம் வந்தது.

"ஒண்டும் செய்யேலாதா?"

இரோஷா மிஸ் குந்தியிருந்து மணலில் விரலால் கீறினார். ஒரு மரம். நடுவில் உரித்த இடம். அதற்கு மேலும் கீழும் பட்டை. பிறகு, மேலுக்கும் கீழுக்கும் குறுக்கே சின்னச் சின்னக் கோடுகள்.

"இது பாலம். அதே மரத்தில பென்சில் தடிப்பில கம்பு வெட்டி, ரெண்டு நுனியையும் சீவி, மேல் பட்டைக்குள்ள ஒரு நுனி, கீழ் பட்டைக்குள்ள ஒரு நுனி செருகணும். பிடிச்சா சாப்பாடு அந்தக் கம்பு வழியா இறங்கும். ஆனா அக்கா, நான் புத்தகத்தில படிச்சது மட்டும்தான். செஞ்சது இல்ல. ஒட்டுற டேப்பும் மெழுகும் இப்ப எங்கட விவசாயக் கந்தோர்ல இல்ல. எடுப்பிக்க நாள் போகும். அதுக்குள்ள ஓரமெல்லாம் காஞ்சிரும்."

"என்னிட்டப் பசை இரிக்கி."

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று கண்டு நிறுத்தினார். என் கையிலிருந்த குப்பியை வாங்கிப் பார்த்தார்.

"சேருற இடத்துக்குள்ள ஒரு சொட்டும் போகக்கூடாது. வெளியில மட்டும். கம்பு ஆடாம இரிக்கிறதுக்கும் காத்துப் போகாம இரிக்கிறதுக்கும் மட்டும். செய்வீங்களா?"

"செய்வன்."

"ஹரி அக்கே, பலமு" என்றார். சரி அக்கா, பார்ப்போம் என்று. "சோளகம் தொடங்க முந்திப் பிடிக்கணும். அந்தக் காத்துக்கு ஒண்டும் நிக்காது."

வெயிலில் ஒரு வேலை

றவூப் மத்தியானம் வந்தார். மரங்களைப் பார்த்தார். யார் என்று கேட்கவில்லை. கேட்காமல் விட்டதிலேயே அவருக்குத் தெரியும் என்று எனக்குத் தெரிந்தது.

"விடு நஸீமா," என்றார். "கூடப் பொறந்தவன். நான் என்ன செய்ய?"

"நீங்க ஒண்டும் செய்ய வேணாம். கம்பு வெட்ட ஏணியப் புடிச்சாக் காணும்."

ஏணியைப் பிடித்தார். நான் ஏறி இளங்கம்புகளை வெட்டினேன். இலையைக் கிள்ளி, றவூபின் ஈரச் சாரத் துணியில் சுற்றி வைத்தேன். சவரத் தகட்டால் நுனியைச் சாய்வாகச் சீவினேன். உரித்த இடத்தின் ஓரங்களைச் சுத்தமாக வெட்டி, மேல் பட்டையிலும் கீழ் பட்டையிலும் சின்னக் கீறல் போட்டுக் கிளப்பினேன். மாரி மழை விட்ட கையோடு இருந்ததால் பட்டை இலகுவாகக் கிளம்பியது. கம்பைத் தலைகீழாக மாற்றாமல், மரத்தில் எப்படி நின்றதோ அப்படியே பிடித்து, மெல்ல வில் போல வளைத்து, இரண்டு நுனியையும் உள்ளே செருகினேன்.

அதன் பிறகு பசை. சுப்பர் குளூ குப்பியின் வாயில் ஒரு குண்டூசியை வைத்து, வெளி ஓரத்தில் மட்டும், துளி துளியாக. மரத்தின் ஈரம் பட்டதும் அது வெளுத்து இறுகியது. அதற்கு மேல் பைண்டர் கம்மை விரலால் அப்பினேன். அது காயும்வரை பால் ஆடை போல வெள்ளையாக இருந்து, பிறகு கண்ணாடித்தாள் போலத் தெளிந்தது. அதற்கு மேல் சொப்பிங் பேக்கைக் கிழித்துச் சுற்றினேன்.

குனிந்து நின்றபோது முக்காட்டின் நுனி பசையில் பட்டுவிட்டது. பருத்தித் துணி. திடீரென்று சுட்டது, மெல்லிய புகை வந்தது. கண் எரிந்தது. உதறிவிட்டு அடுத்த கம்பை எடுத்தேன்.

இழுத்துக் கட்ட ஒன்றும் போதாமல் இருந்தது. மேசையில் இருந்த டியூப் துண்டெல்லாம் முடிந்துவிட்டது. திரும்பிப் பார்த்தால் றவூபைக் காணவில்லை. போய்விட்டார், அவருக்கும் எத்தனையைத்தான் தாங்க முடியும் என்று நினைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் வந்தார். தன் சைக்கிளின் இரண்டு டயரையும் கழற்றி, நல்ல டியூப் இரண்டையும் உருவி, நீளநீளமாக வெட்டிக்கொண்டு வந்திருந்தார். என் பக்கத்தில் நின்று, ஒவ்வொரு கட்டாக நீட்டினார்.

அந்த நேரம்தான் ஜுனைத் நானா வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார். நீளக் கை சேட்டு மாட்டியிருந்தார். அந்த வெயிலில் நீளக் கை.

"என்ன புள்ள, செத்த மரத்துக்கு ஊசி போடுறியா?"

"செத்துதா இல்லையா எண்டத மரம் சொல்லட்டும் நானா."

"உலகத்தில யாராவது செருப்புப் பசையால மரத்த ஒட்டுவானா?"

"உலகத்தில யாராவது காய்க்கிற மரத்துக்கு இப்பிடிச் செய்வானா? அதையும் செய்யிறாங்கதானே."

அவர் தம்பியைப் பார்த்தார். "டேய், பொண்டாட்டியோட சேந்து நீயும் பைத்தியமாகிட்டியா?"

றவூப் தலையை நிமிர்த்தவில்லை. டியூப்பைப் பல்லால் கடித்து இழுத்து முடிச்சுப் போட்டார். போட்டுவிட்டு, "அடுத்தது" என்று என்னிடம் கையை நீட்டினார்.

கல்யாணமாகி எத்தனையோ வருடம். அவர் எனக்குச் சொன்ன மிக அழகான வார்த்தை அதுதான்.

பள்ளியில்

ஊர் கதைக்கத் தொடங்கியதும் பள்ளிவாசல் நிருவாகிகள் கூப்பிட்டார்கள். அஸர் தொழுகைக்குப் பிறகு கூட்டம். அப்படியான இடத்துக்குப் பெண்கள் போவதில்லை. றவூப், "நான் போய் என்னத்தச் சொல்ல?" என்று தடுமாறினார். "நீங்க சொல்ல வேணாம், என்னக் கூட்டிட்டுப் போங்க" என்றேன்.

கந்தோர் அறைக்கு வெளியே விறாந்தையில் எனக்கு ஒரு கதிரை போட்டார்கள். நான் நின்றேன்.

தலைவர் ஹாஜியார் நல்ல மனிதர். அமைதியாகக் கேட்டார். "யாரும் கண்டாங்களா மகள்?"

"இல்ல ஹாஜியார்."

ஜுனைத் நானா உடனே, "ஆடு மாடு வந்து கடிச்சிரிக்கும். அதுக்கு மனிசர்ல பழி போடுறாங்க" என்றார்.

"கத்தி புடிக்கிற ஆட்ட நான் இன்னும் காணல்ல" என்றேன். உள்ளே யாரோ சிரித்து, இருமலாக மாற்றிக்கொண்டார்.

ஹாஜியார் கேட்டார்: "நீங்க என்ன கேக்கிறீங்க? நட்டமா? புது மாங்கண்டா?"

"ஒண்டும் வேணாம். நான் கேக்க வரல்ல, சொல்ல வந்தன்" என்றேன். "மரம் நிக்கிறதாலதான் நான் காணிய விக்கமாட்டன் எண்டு யாராவது நினைச்சிருந்தா, அது பிழை. அண்டைக்கு மூத்தவங்களுக்கு மரியாதைக்கு மரத்தச் சொன்னன். இண்டைக்கு உள்ளதச் சொல்றன். அந்தக் காணி என்ட மஹர். மூணு மரமும் செத்தாலும் விக்கமாட்டன். வெறும் மணல்ல பாய் விரிச்சி இரிப்பன். எனக்கு அது பழக்கம். ஒருக்கா ஒரு ஊரில இருந்து எழுப்பி அனுப்பினாங்க. அப்ப நான் சின்னப் புள்ள, எழும்பினன். இனி எழும்பமாட்டன்."

ஹாஜியார் பெருமூச்சு விட்டு, "சரி, அல்லாஹ் எல்லாருக்கும் நல்ல மனசத் தரட்டும்" என்று கூட்டத்தை முடிக்கத் துஆவுக்குக் கை ஏந்தினார்.

எல்லாரும் ஏந்தினார்கள். ஜுனைத் நானாவும் ஏந்தினார். சேட்டுக் கை முழங்கைக்குச் சரிந்தது.

மணிக்கட்டிலிருந்து மேலே தோல் கறுத்து, கொப்புளம் உடைந்து, பச்சைப் புண். மாங்காய் பறிக்கிற எங்கள் ஊரில் அதை அறியாதவர் இல்லை. மாம்பால் பட்டால் மட்டும்தான் அப்படி வேகும். நான் பார்த்தேன். ஹாஜியார் பார்த்தார். பக்கத்தில் இருந்தவர்கள் துஆவை விட்டுவிட்டுப் பார்த்தார்கள்.

ஆமீன் சொல்லி முகத்தைத் தடவியதும் நான் மெதுவாகச் சொன்னேன். "நானா, அதுக்குத் தேங்காயெண்ண பூசுங்க. மாம்பால் பொல்லாதது. விட்டா உள்ளுக்குப் போகும்."

அவர் எழுந்தார். ஸலாம்கூடச் சொல்லவில்லை. வாசலில் யாருடையதோ செருப்பை மாட்டிக்கொண்டு, இரண்டும் இரண்டு நிறம் என்றுகூடப் பார்க்காமல் நடந்தார்.

பள்ளி தீர்ப்பு எதுவும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

பிடித்ததும் பிடிக்காததும்

இங்கே ஒன்றை நேராகச் சொல்லிவிடுகிறேன். இதைப் படித்துவிட்டு யாரும் சுப்பர் குளூவோடு தோட்டத்துக்கு ஓட வேண்டாம்.

விலாட்டு மரம் செத்துவிட்டது. பசையை முழுக்கப் பூசிய மரம் அது. பிறகு சுரண்டி எடுத்துப் பாலம் போட்டும் பயனில்லை. சோளகம் தொடங்கியபோது ஒரே கிழமையில் இலையெல்லாம் செம்பு நிறமாகி, கையில் பிடித்தால் அப்பளம் போல நொறுங்கியது.

கடற்பக்கத்துக் கறுத்தக்கொழும்பானில் பாதிக் கம்பு காய்ந்தது. உப்புக் காற்று பைண்டர் கம்மை உரித்துவிட்டது. நான் பழைய சாரத்தை நனைத்து மறைப்புக் கட்டினேன். மரத்தின் ஒரு பக்கம் பட்டுப்போனது. மறு பக்கம் நின்றது. இன்றைக்கும் சரிந்த பாயைக் கட்டிய தோணி போல ஒரு பக்கமாகத்தான் நிற்கிறது.

வீட்டுப் பக்கத்து மரத்தில் எல்லாக் கம்பும் பிடித்தன. ஒரு நாள் காலையில் கம்பின் நடுவில் சிவந்த துளிர் ஒன்று எட்டிப் பார்த்தது. நான் துள்ளிக் குதித்து இரோஷா மிஸ்ஸுக்குப் போனில் கோல் எடுத்தேன். அவர், "சந்தோசப்பட்டது காணும் அக்கா, இப்ப அந்தத் துளிரைக் கிள்ளி எறிங்க. அது கிளை இல்ல, பாலம்" என்றார். கிள்ளினேன். கை கூசியது. அடுத்த தடவை வந்தபோது அவர் என் பைண்டர் கம் பூச்சை விரலால் தட்டிப் பார்த்து, போனில் படம் எடுத்துக்கொண்டார்.

ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தேன். இடம்பெயர்ந்தவர்களைப் பற்றிப் பேச வந்த ஒருவர், நாங்கள் வேறு மண்ணில் ஒட்டிய ஒட்டுமரங்கள், இனிய கனி தருகிறோம் என்று உருகிப் பேசினார். என் மாமரத்தைப் பற்றி யாரோ அவருக்குச் சொல்லிவிட்டார்கள் போல. நான் எழும்பிக் கையைத் தூக்கினேன். "ஐயா, மரத்துக்குக் காணி உறுதி தேவையில்ல, வோட்டுத் தேவையில்ல, புள்ளைக்குப் பள்ளிக்கூடம் தேவையில்ல. எங்களுக்குத் தேவை. எங்கள மரமாக்காதீங்க" என்றேன். அதற்குப் பிறகு அந்தக் கூட்டங்களுக்கு எனக்கு அழைப்பு இல்லை.

ஜுனைத் நானா கடைசியில் தன் துண்டை மட்டும் விற்றார். கடல் இல்லாத காணியாகத்தான் விற்றார். புத்தளம் டவுனுக்குக் குடிபோனார். மரம் மறுபடி காய்த்தபோது அவர் வீட்டுக்கும் ஒரு பை அனுப்பினேன். மன்னிப்பு என்று யாரும் எண்ண வேண்டாம். மரம் உயிரோடு இருக்கிறது என்று அவர் நாக்கால் அறியட்டும் என்றுதான் அனுப்பினேன். அவர் மனைவி மைமூன் மச்சி பிறகு ஒரு கல்யாண வீட்டில் என் காதில், "தோலையும் சூப்பினார்" என்றாள்.

முதலாளியின் வாகனம்

கொழும்பு முதலாளி திரும்பவும் வந்தார். நானாவின் துண்டு இப்போது அவருடையது. சுற்றிவர மதில் எழுப்பியிருந்தார். மதிலுக்குள் ஒன்றும் இல்லை, கடலும் இல்லை. கூடவே கட்டடப் படம் கீறுகிற ஒருவரையும் கூட்டி வந்திருந்தார்.

நான் மரத்தடியில் கதிரை போட்டு, ஒரு செருப்பு ஒட்டிக்கொண்டிருந்தேன். அவர் மரத்தைச் சுற்றி வந்தார். உரித்த இடத்தைத் தாண்டி நின்ற கம்புகள் அதற்குள் என் முழங்கை மொத்தத்துக்குப் பருத்திருந்தன. மரத்தைப் பல கைகள் சேர்ந்து பிடித்துக்கொண்டிருப்பது போல இருக்கும். நடுவில் பழைய மரம் கறுத்து, வெடித்து, எலும்பாகத் தெரியும்.

முதலாளி அந்த வெடிப்புக்குள் விரலை விட்டுப் பார்த்தார். உண்மையான அக்கறையோடு சொன்னார் என்றுதான் நினைக்கிறேன். "தங்கச்சி, இந்த மரம் நிலைக்காது. உள்ளுக்கு உக்கிட்டு வருது. ஒரு பெரிய காத்துக்கு முறிஞ்சிரும். இத நம்பியா இந்தக் காணிய வச்சிட்டு இரிக்கிறீங்க?"

"ஓம் முதலாளி," என்றேன். "ஒரு நாள் முறியும். நானும் ஒரு நாள் மௌத்தாகுவன். அது வரைக்கும் ரெண்டு பேரும் இங்கதான்."

படம் கீறுகிறவர் தன் தாளைச் சுருட்டினார். இரண்டு பேரும் போய் வாகனத்தில் ஏறினார்கள்.

வாகனம் மணலில் புதைந்துவிட்டது. டயர் சுழலச் சுழல இன்னும் இறங்கியது. நான் பக்கத்து வீடுகளுக்குக் குரல் கொடுத்தேன். ஆண்களும் பெண்களுமாக வந்து சேர்ந்தோம். றவூப் டயருக்கு ஓலை போட்டார். நான் முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு, எல்லாருக்கும் முன்னால் நின்று, றோட்டுப் பக்கமாக, முழுப் பலத்தோடு தள்ளினேன்.